நாமா, நாங்களா: ஆஸ்திரேலியப் பிரதமர் கேட்ட மன்னிப்பு யாருடையது?

கல்வெட்டு:
2008 பிப்ரவரி 13 அன்று ஆஸ்திரேலியப் பிரதமர் கெவின் ரட், பெற்றோரிடமிருந்து வலுக்கட்டாயமாகப் பிரிக்கப்பட்ட பழங்குடிப் பிள்ளைகளான ‘திருடப்பட்ட தலைமுறை’யினரிடம் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். நடந்தது கொடுமை என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால், தான் செய்யாத குற்றத்துக்கு, நேற்றுக் குடியேறியவர் உட்பட, ஒரு தலைமுறை முழுவதையும் பொறுப்பாளியாக்கும் உரிமை எந்தத் தலைவருக்கும் இல்லை. அவருக்கு முன் பிரதமராக இருந்த ஜான் ஹோவர்ட் 1999இல் கொண்டுவந்த தீர்மானம் ஆழ்ந்த வருத்தத்தைத் தெரிவித்ததோடு நின்றது, அதுவே முறை.

வைகைக்கரை:
உரையை ஒருமுறை நிதானமாகப் படித்துப் பாருங்கள், நண்பரே. பிரதமர் என்ற முறையில், அரசின் சார்பில், நாடாளுமன்றத்தின் சார்பில் என்று மூன்று முறை மன்னிப்புக் கேட்டவர், அந்த வரிசையில் ‘மக்கள் சார்பில்’ என்று சேர்க்கவில்லை. சட்டத்தைச் செயல்படுத்தியவர்களைவிட, அதை இயற்றிய நாடாளுமன்றங்களே பொறுப்பு என்றும் சொன்னார். அதிகாரிகள் வந்தால் பிள்ளைகள் ஓடி ஒளிவதற்காக ஓடைக்கரையில் குழி தோண்டி வைத்திருந்த ஒரு குடும்பத்தின் கதையை அவர் அந்த அவையில் சொன்னார். அந்தக் குழிகளைத் தோண்ட வைத்தது அரசின் சட்டம். ஆட்கள் மாறினாலும் அரசு அதே அரசுதான்.

அவர் ஆங்கிலத்தில் பேசியதால் ‘we’ என்ற ஒரே சொல்லில் தப்பித்தார். தமிழில் பெயர்த்தால், மன்னிப்புக் கேட்கும் இடத்தில் ‘நாங்கள்’ என்றும், சேர்ந்து வாழப்போகும் எதிர்காலத்தைப் பேசும் இடத்தில் ‘நாம்’ என்றும் எழுதியாக வேண்டும். இரண்டையும் அவர் குழப்பவில்லை என்பதே என் கருத்து.

கல்வெட்டு:
மூன்று முறை சொன்னதன் நுட்பத்தை ஏற்கிறேன். ஆனால், அரசின் சார்பில் பேசியவர் இழப்பீட்டை மறுத்தாரே! கருவூலத்தைத் திறக்காத வாய்க்கு அரசின் பெயரைச் சொல்ல என்ன தகுதி இருக்கிறது?

வைகைக்கரை:
இழப்பீட்டை மறுத்தது பெருங்குறை. அதை நான் நியாயப்படுத்த மாட்டேன். ஆயினும் உரையைக் கேட்டவர்கள் அன்று என்ன செய்தார்கள் என்பதையும் பாருங்கள். ரட் பேசியபோது பலர் கண்ணீர் விட்டு அழுதார்கள். அடுத்துப் பேசிய எதிர்க்கட்சித் தலைவர் பிரெண்டன் நெல்சனும் தீர்மானத்தை ஆதரித்தவர்தான். ஆனால், அந்தச் செயல்கள் நம் தலைமுறையுடையவை அல்ல என்று, நீங்கள் சொல்வதையே அவரும் சொன்னார். நாடாளுமன்றத்துக்கு வெளியே புல்வெளியில் திரையில் பார்த்துக்கொண்டிருந்தவர்களில் பலர் திரும்பி, அவருக்கு முதுகைக் காட்டி நின்றார்கள்.