பிரார்த்தனை தொண்டையிலேயே நின்றுவிடுகிறது

மூன்று மாதமாக என்னால் பிரார்த்திக்க முடியவில்லை. பைனாகுலரில் ஆண்ட்ரோமெடா விண்மீன் மண்டலத்தைப் பார்த்த இரவில் தொடங்கியது. விரலால் தேய்த்த சாக்பீஸ் தடம் போல ஒரு மங்கல் வெளிச்சம். அது அங்கிருந்து கிளம்பி 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன. நம் பால்வீதியிலேயே குறைந்தது 10,000 கோடி நட்சத்திரங்கள்.

அன்றிலிருந்து "கடவுளே" என்றதும், இத்தனையையும் தாங்குகிறவருக்கு என் அம்மாவின் மூட்டுவலி கேட்குமா என்று தோன்றி, வார்த்தை நின்றுவிடுகிறது. அவர் இருக்கிறார் என்பதில் சந்தேகமே இல்லை. கேட்கிறாரா என்பதுதான்.

மனப்பாடப் பிரார்த்தனைகளைச் சொல்லிப் பார்த்தேன், மௌனமாக உட்கார்ந்தேன். அப்புறம் வானத்தைப் பார்ப்பதையே நிறுத்தினேன்; அதுதான் மோசம், அந்த அழகும் போயிற்று. பெரியவர் ஒருவர், அளவில்லாதவருக்குச் சிறியது பெரியது கிடையாது என்றார். அறிவுக்குச் சரி, நெஞ்சில் இறங்கவில்லை.

இதைக் கடந்து மறுபடி பிரார்த்தித்தவர்கள் சொல்லுங்கள்: முதல் நாள் என்ன சொல்லித் தொடங்கினீர்கள்?