கையேட்டில் சிக்னல் எண்ணை எழுதலாமா?

கேள்வி: சிக்யூஎஸ்ஆர்1 (SIGUSR1, ஓடும் நிரலுக்கு, அதாவது ப்ராசஸுக்கு, அனுப்பும் சிக்னல்களில் ஒன்று) வந்தால் எங்கள் டீமன் (பின்னணியில் ஓடும் நிரல்) லாக் கோப்பை மூடித் திறக்கும். கையேட்டில் சிக்னல் அனுப்பும் கட்டளையை "கில் -10" (kill -10) என்று போட்டால் போதுமா?

பதில் 1: எண் வேண்டாங்க. எக்ஸ்86, ஆர்ம் போன்ற ப்ராசஸர்களில் ஓடும் லினக்ஸில் அது 10. மிப்ஸ் ப்ராசஸரில் ஓடும் லினக்ஸில் 16, ஃப்ரீபிஎஸ்டி, மேக்ஓஎஸ் இரண்டிலும் 30. மேக்கில் 10 என்றால் சிக்பஸ் (SIGBUS, நினைவகப் பிழைக்கான சிக்னல்). அனுப்பினால் டீமன் செத்துவிடும். "கில் -எஸ் யூஎஸ்ஆர்1" என்று பெயரையே எழுதுங்கள்.

பதில் 2: ஹேண்ட்லர் (சிக்னல் வந்தால் ஓடும் ஃபங்ஷன்) பொருத்துவதற்கு முன்பே யூஎஸ்ஆர்1 வந்தாலும் இதே கதிதான், அதன் இயல்பான விளைவே ப்ராசஸை முடிப்பது. பலரும் எழுத மறப்பது இதைத்தான். இன்னொன்று: சாதாரண சிக்னல்கள் வரிசையில் நிற்காது. தடுத்து வைத்திருக்கும்போது மூன்று முறை அனுப்பினாலும் ஒன்றுதான் போய்ச் சேரும். எண்ணிக்கையை நம்பி எதையும் செய்யாதீர்கள்.

பதில் 3: வெளியேறும் குறியீட்டையும் (ப்ராசஸ் முடிந்ததும் கிடைக்கும் எண்) சேருங்கள். சிக்னலால் ப்ராசஸ் செத்தால், பாஷ் (கட்டளைகளை இயக்கும் ஷெல்) 128உடன் சிக்னல் எண்ணைக் கூட்டிக் காட்டும்: முடியச் சொல்லும் சிக்டெர்ம் (15) 143, கட்டாயமாக முடிக்கும் சிக்கில் (9) 137.

கேள்வி கேட்டவர்: பெயராக மாற்றிவிட்டேன், நன்றி.