கிட்டார் ஆம்ப்பில் முதல் வால்வை மாற்றியவர்கள்: உங்கள் அனுபவம் என்ன?

செந்தூல் கிட்டார்:

எங்கள் மெல்லிசைக் குழு பெரும்பாலும் கோலாலம்பூர் திருமண மண்டபங்களில் வாசிக்கிறது. பழைய திரைப்பாடல்கள்தான் எங்களுக்குச் சோறு போடுகின்றன. அவற்றில் கிட்டாருக்கு இடம் குறைவு. கிடைக்கும் இடமோ மிக நுட்பமானது. பாடகர் ஒரு சங்கதியை இழைத்து நிறுத்தும்போது, அதே வளைவில் தந்தியை இழுத்துப் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதில் என் ஆம்ப்பில், அதாவது கிட்டார் ஒலியைப் பெருக்கும் பெட்டியில், நான்கு ஆண்டுகளாக வரவே இல்லை.

ஆம்ப் 15 வாட். இரண்டாம் கையாக வாங்கியது. ஒலியைப் பெருக்குபவை வால்வுகள் எனும் கண்ணாடிக் குழாய்கள். பின்பக்கம் ஒலிபெருக்கியை இயக்கும் இரண்டு இஎல்84 பவர் வால்வுகள், அதற்கு முன் சமிக்ஞையைப் பெருக்கும் மூன்று 12ஏஎக்ஸ்7 ப்ரீஆம்ப் வால்வுகள். ஒலிக் குமிழை 2-இல் வைத்தால் சத்தமே இருக்காது. 3-ஐத் தொட்டதும் ஒலி பாய்ந்து வந்து கரகரக்கத் தொடங்கிவிடும். நான் இருப்பது அடுக்குமாடி வீட்டில்; சுவருக்கு அந்தப் பக்கம் கைக்குழந்தை. அந்த இரண்டு எண்களுக்கு நடுவே மயிரிழை அளவு இடத்தில்தான் பயிற்சி செய்து வந்தேன். வேறு ஆம்ப் வாங்கச் சீட்டும் கட்டத் தொடங்கியிருந்தேன்.

எங்கள் கீபோர்டு அண்ணன்தான், "முதல் சாக்கெட்டில் வேறு வால்வைப் போட்டுப் பார்த்தாயா?" என்று கேட்டார். கிட்டாரிலிருந்து வரும் மெல்லிய சமிக்ஞையை முதலில் வாங்கிப் பெருக்குவது அந்தச் சாக்கெட்டில் இருக்கும் வால்வுதான். அது கொடுப்பதைத்தான் பின்னால் வரும் நிலைகள் மேலும் மேலும் பெரிதாக்குகின்றன. 12ஏஎக்ஸ்7-இன் பெருக்கக் காரணி, அதாவது அது அதிகபட்சம் எத்தனை மடங்கு பெருக்கும் என்பது, 100. சுற்றில் அமர்ந்தபின் நடைமுறையில் கிடைப்பது ஏறத்தாழ 60 மடங்கு. அதே குடும்பத்தில் 5751-க்கு 70, 12ஏடி7-க்கு 60, 12ஏவொய்7-க்கு ஏறத்தாழ 45, 12ஏயூ7-க்கு 20க்குள். எல்லாவற்றுக்கும் ஒன்பது ஊசிகள், ஒரே ஊசி வரிசை, உள்ளே சூடேறும் இழைக்கு வேண்டிய மின்னழுத்தமும் ஒன்றே. ஒன்றைக் கழற்றிய இடத்தில் இன்னொன்று அப்படியே உட்காரும்.

நான்கையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தேன். முதலில் போட்டது 12ஏயூ7. வீணையின் மேல் போர்வையைப் போட்டு மூடியதுபோல் ஒலி சுருங்கிவிட்டது. ஒரே மாலையில் கழற்றிவிட்டேன். 12ஏடி7 தெளிவாக இருந்தது, ஆனால் மீட்டும்போது ஒவ்வொரு சுரமும் பலகையில் தட்டியதுபோல் விறைத்து நின்றது. அந்த வால்வு அதிக மின்னோட்டத்துக்காக உருவானது. என் ஆம்ப்பின் மின்தடைகளோ 12ஏஎக்ஸ்7-ஐ மனத்தில் வைத்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவை. விறைப்புக்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன். 5751 நல்ல வால்வு. என் சிக்கலுக்கு அந்த மாற்றம் போதவில்லை.

12ஏவொய்7-ஐப் போட்ட இரவை மறக்க மாட்டேன். குமிழ் 5-இல் நின்றது. மெதுவாக மீட்டினால் சுத்தமான ஒலி, அழுத்தி மீட்டினால் ஓரத்தில் மட்டும் சிறிய கரகரப்பு. தந்தியை இழுத்துக்கொண்டே போகும்போது சுரம் தேய்ந்து கரைவது காதில் விழுந்தது. முன்பு அது ஏன் கேட்கவில்லை என்பதும் புரிந்தது. பெருக்கம் அளவை மீறினால் ஒலியின் மேடும் பள்ளமும் ஒரே மட்டமாகத் தட்டையாகிவிடும். மெல்லிய ஒலியும் உரத்த ஒலியும் ஒன்றுபோல் வந்து விழும். கமகம் உயிர்வாழ்வது அந்த மேடு பள்ளத்தில்தான். சீட்டை நிறுத்திவிட்டேன்.

நிறுவனப் பெயர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். என்னிடம் மூன்று நிறுவனங்களின் 12ஏஎக்ஸ்7 வால்வுகள் உள்ளன. அண்ணன் மாற்றி மாற்றிப் போட, நான் கண்ணை மூடிக் கேட்டேன். எது எதுவென்று சொல்ல முடியவில்லை. வகையை மாற்றும்போது கிடைக்கும் வேறுபாட்டுக்கு முன்னால் நிறுவனத்தை மாற்றுவது மிகச் சிறியது. இதில் பணத்தைக் கரைக்கும் இளைஞர்களைப் பார்த்தால் எனக்கு மனம் பதறுகிறது.

இப்போது ஒரு கேள்வி. சென்ற வாரம் வேறொரு நிகழ்ச்சிக்காகப் பழைய 12ஏஎக்ஸ்7-ஐத் திரும்பப் போட்டேன். சடசடவென்று இரைகிறது. வால்வின் ஆயுள் முடிந்துவிட்டதா?

ஜார்ஜ்டவுன் பழைய வானொலி:

தம்பி, தூக்கி எறிந்துவிடாதீர்கள். 1970களில் பினாங்கில் வால்வு வானொலிகளைப் பழுது பார்த்துத்தான் நான் தொழில் கற்றேன். நீங்கள் 12ஏஎக்ஸ்7 என்பதை நாங்கள் இசிசி83 என்போம். ஐரோப்பியப் பெயர், வால்வு ஒன்றே. சடசடப்போடு வந்த பெட்டிகளில் வால்வு கெட்டிருந்ததைவிடச் சாக்கெட் கறுத்திருந்ததையே அதிகம் பார்த்திருக்கிறேன். இங்கே கடற்காற்று. உங்கள் ஊரிலும் ஈரப்பதத்துக்குக் குறைவில்லை.

முதலில் சடசடக்கும் வால்வையும் இரண்டாம் சாக்கெட்டில் இருக்கும் வால்வையும் இடம் மாற்றுங்கள். இரைச்சல் வால்வோடு கூடவே போனால் குற்றம் வால்வில். பழைய இடத்திலேயே நின்றால் சாக்கெட்டில். சாக்கெட் என்றால், தொடுமுனைகளைத் துப்புரவு செய்யும் திரவத்தை ஊசிகளில் சிறிது தடவி, நான்கைந்து முறை செருகி எடுங்கள். திரவம் நன்றாகக் காய்ந்த பிறகே மின்சாரம்.

இதைச் செய்யும்போது பிளக் சுவரிலிருந்து பிடுங்கப்பட்டிருக்க வேண்டும், வால்வு ஆறியிருக்க வேண்டும். ஒன்பது ஊசிகளில் ஓரிடத்தில் இடைவெளி அகலமாக இருக்கும். அதைப் பார்த்து நேராக இறக்குங்கள். கழற்றும்போது இலேசாக ஆட்டி மேலே இழுங்கள், முறுக்காதீர்கள். தளர்ந்த சாக்கெட்டின் பிடியை இறுக்குவதற்காகப் பெட்டியைத் திறக்க நினைத்தால், அதை மட்டும் தெரிந்தவரிடம் விடுங்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்தேக்கிகளில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம். என் கூட்டாளி ஒருவரை அது சுவர்வரை தூக்கி எறிந்ததை நான் நேரில் பார்த்தவன்.

ப்ரீஆம்ப் வால்வுகள் கேதோடு (எதிர்முனை) மின்தடையாலேயே தம் மின்னோட்டத்தைச் சரிசெய்துகொள்கின்றன. அதனால்தான் நீங்கள் கவலையில்லாமல் மாற்ற முடிகிறது. அந்தத் துணிச்சலைப் பவர் வால்வுகளிடம் காட்டாதீர்கள். பல ஆம்ப்களில் அவற்றை மாற்றினால் பயாஸ், அதாவது வாசிக்காதபோதும் வால்வில் ஓடும் மின்னோட்டத்தின் அமைப்பு, அளக்க வேண்டியிருக்கும்.

இன்னொரு சோதனையும் உண்டு. ஆம்ப் ஓடும்போது பென்சிலின் ரப்பர் முனையால் ஒவ்வொரு வால்வையும் மெல்லத் தட்டுங்கள். சிறு 'டொக்' கேட்பது இயல்பு. மணிபோல் ரீங்கரித்தால் உள்ளே இருக்கும் உறுப்புகள் அதிர்கின்றன என்று பொருள். ஒலிபெருக்கியும் வால்வும் ஒரே பெட்டிக்குள் இருக்கும் உங்கள் ஆம்ப்புக்கு அது ஆகாது.

பிரிக்ஃபீல்ட்ஸ் ப்ளூஸ்:

செந்தூல் நண்பரோடு ஓரளவுதான் உடன்படுகிறேன். மெல்லிசைக்கு 12ஏவொய்7 பொருந்தும். நான் வாசிப்பது ப்ளூஸ்; அந்தக் கரகரப்பே எனக்குக் குரல். 1950களின் ஃபெண்டர் பாஸ்மேன் ஆம்ப்பில் முதல் வால்வு 12ஏவொய்7. அந்தச் சுற்றை வைத்து 1960களின் தொடக்கத்தில் மார்ஷல் நிறுவனம் ஜேடிஎம்45 ஆம்ப்பை உருவாக்கியபோது அந்த இடத்தில் வந்தது இசிசி83. இரண்டின் ஒலியும் பிரிந்து போனதற்கு அந்த வால்வும் ஒரு காரணம். ஆகவே எந்த வால்வு என்பதை வாசிக்கும் பாட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

என் அனுபவம் ஏமாற்றம். ஒரு கடையில் "இங்கிலாந்தில் செய்த பழைய முல்லார்ட்" வால்வு என்று சொல்லி 350 வெள்ளி (ரிங்கிட்) வாங்கிக்கொண்டார்கள். வீட்டில் விளக்கடியில் பார்த்தால் கண்ணாடியில் பெயர் பளபளவென்று புதிதாக மின்னுகிறது. அடியில் குறியீடே இல்லை. முல்லார்ட் நிறுவனத்தின் பிளாக்பர்ன் ஆலையில் செய்த இசிசி83 என்றால் கண்ணாடியின் கீழ்ப்பகுதியில் சிறு எழுத்துகளில் இரண்டு வரிகள் இருக்கும். இரண்டாம் வரி ஆலையைக் குறிக்கும் ஆங்கில 'பி' (B) எழுத்தில் தொடங்கும். முல்லார்ட் என்ற பெயரில் இன்று புதிதாக வருபவை ரஷ்யாவின் சரத்தோவ் நகரத்தில் தயாராகின்றன. அவையும் நல்ல வால்வுகளே. ஆனால் பழைய சரக்கின் விலையைக் கொடுத்து வாங்கக் கூடாது. பெயர் அழிந்த வால்வாக இருந்தாலும் பரவாயில்லை, அந்தக் குறியீட்டைப் பார்க்காமல் பணத்தை எடுக்காதீர்கள்.

செந்தூல் கிட்டார்:

ஐயா, நீங்கள் சொன்னபடியே செய்தேன். வால்வுகளை இடம் மாற்றியும் சடசடப்பு முதல் சாக்கெட்டிலேயே நின்றது. ஊசிகளைப் பார்த்தேன், உண்மையாகவே கறுத்திருந்தன. திரவத்தைத் தடவி ஐந்து முறை செருகி எடுத்தேன், ஓர் இரவு காய விட்டேன். காலையில் இரைச்சல் இல்லை. நான் குப்பையில் போட இருந்த 12ஏஎக்ஸ்7 நன்றாகப் பாடுகிறது. பென்சிலால் தட்டியபோது மூன்றாம் சாக்கெட்டில் இருந்த வால்வு மட்டும் ரீங்கரித்தது. அதை மாற்றப் போகிறேன்.

சனிக்கிழமை கிள்ளானில் ஒரு திருமணம். முதல் சாக்கெட்டில் 12ஏவொய்7-ஐத் திரும்பப் போட்டு, குமிழை 5-இல் வைத்துவிட்டேன்.