கதிரின் கம்ப்யூட்டர் எப்போது வரும்?

"நம்ம வீடு" குழு, 2025 டிசம்பர், சனிக்கிழமை

சுமதி, காலை 7.40
கடையிலிருந்து மறுபடியும் மெசேஜ். கதிரின் கம்ப்யூட்டர் பொங்கலுக்கு அப்புறம்தானாம். இது நான்காவது தேதி. ஆயுத பூஜை அன்றே 19,500 ரூபாயையும் கட்டிவிட்டேன். எனக்கு மனசே ஆறவில்லை.

கலா, 7.44
என்னக்கா இது! தீபாவளிக்கே வீட்டுக்கு வந்துவிடும் என்றுதானே சொன்னார்கள்?

சுமதி, 7.51
முதலில் தீபாவளி. அப்புறம் நவம்பர் கடைசி. அப்போது போய்க் கேட்டால் புயல் மழை, லாரி வரவில்லை, மழை விட்டதும் வரும் என்றார்கள். சரி, ஊரே தண்ணீரில் நின்றது, நானும் நம்பினேன். மழை விட்டு இரண்டு வாரம் ஆகிறது. போன வாரம் "ஸ்டாக் கிளம்பிவிட்டது" என்று மெசேஜ். எங்கே வருகிறது என்று கேட்டதற்கு இதுவரை பதில் இல்லை.

அண்ணி, 7.55
முழுப் பணமும் ஏன் சுமதி முதலிலேயே கொடுத்தாய்?

சுமதி, 7.58
முழுப் பணம் கட்டினால்தான் முதல் லிஸ்டில் பெயர் வரும் என்றார்கள் அண்ணி. சீட்டு எடுத்த பணம். அதற்கு மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறேன், பொருள் மட்டும் கண்ணில் படவில்லை.

கலா, 8.01
ஜனவரியில் பிராக்டிகல் ஆரம்பித்துவிடுமே. கதிர் என்ன செய்கிறான்?

சுமதி, 8.09
அதைத்தான் சொல்ல வந்தேன். நேற்று ராத்திரி பதினோரு மணிக்கு எழுந்து பார்க்கிறேன், 200 பக்க நோட்டில் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதிக்கொண்டிருக்கிறான். உள்ளே தள்ளி எழுத வேண்டிய வரி எல்லாம் ஒரே நேராக இருக்க வேண்டுமாம். அதற்காகப் பக்கம் முழுக்கப் பென்சிலால் மேலிருந்து கீழாகக் கோடு போட்டு வைத்திருக்கிறான். டி.வி. பக்கத்தில் கம்ப்யூட்டருக்கென்று ஒதுக்கிய இடத்தில் அந்த நோட்டு கிடக்கிறது. நான் பேசாமல் போய்ப் படுத்துவிட்டேன், தூக்கம் வரவில்லை.

கலா, 8.10
படிக்கும்போதே கண் கலங்குகிறது அக்கா.

கதிர், 8.16
அம்மா, அதை ஏன் குரூப்பில் போட்டீர்கள்? போனிலும் ஓட்டிப் பார்க்கிறேன், சின்னத் திரையில் 60 வரிக்கு மேல் போனால் எங்கே தப்பு என்று தெரிவதில்லை, அவ்வளவுதான். கேன்சல் மட்டும் செய்யாதீர்கள். கீபோர்டுக்குள்ளேயே கம்ப்யூட்டர், டி.வி.யில் மாட்டினால் போதும். 8 ஜி.பி. மெமரி இந்த விலைக்கு இனிமேல் கிடைக்காது.

பாலா, 8.30
விலை விஷயத்தில் கதிர் சொல்வது சரி. சென்னையில் எங்கள் சர்வீஸ் சென்டரிலும் தினமும் இதே பேச்சுதான். ஏ.ஐ. டேட்டா சென்டர்களுக்கு மெமரி ஏராளமாகத் தேவைப்படுகிறது. மெமரி தயாரிக்கும் சாம்சங், எஸ்.கே. ஹைனிக்ஸ், மைக்ரான் மூன்றும் லாபம் அதிகம் உள்ள அந்த மெமரிக்குத் திரும்பிவிட்டன. வீட்டுக் கம்ப்யூட்டருக்குப் போகிற சாதாரண மெமரி குறைந்து, விலை ஏறிவிட்டது. க்ரூஷியல் என்ற பெயரில் கடைகளில் விற்றுவந்த மெமரியையே நிறுத்தப்போவதாக மைக்ரான் டிசம்பர் 3 அன்று, கார்த்திகை தீபத்தன்று, அறிவித்துவிட்டது. அதனால் தாமதத்துக்குக் காரணம் இருக்கலாம்.

சுமதி, 8.33
காரணம் இருக்கட்டும் பாலா. அதை என்னிடம் சொல்ல வேண்டியதுதானே? மழை என்றும் லாரி என்றும் ஏன் சொல்ல வேண்டும்?

பாலா, 8.34
அது தப்புதான் அக்கா. அதற்கு நான் பரிந்து பேசவில்லை.

பெரிய அண்ணன், 9.20
இப்போதுதான் எல்லாம் படித்தேன். மார்க்கெட் போயிருந்தேன்.

சுமதி கேட்பது நியாயம். 1984இல் இங்கிலாந்தில் இப்படியே ஒன்று நடந்தது. அப்போது நான் பாலிடெக்னிக்கில் வேலைக்குச் சேர்ந்த புதிது. லைப்ரரிக்கு வரும் வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் பத்திரிகை கப்பலில் வந்து சேரவே இரண்டு மூன்று மாதம் ஆகும். ஒரு வரி விடாமல் படிப்பேன். சின்க்ளேர் கம்பெனி க்யூ.எல். என்று ஒரு வீட்டுக் கம்ப்யூட்டரை ஜனவரி 12 அன்று அறிவித்தது. விலை 399 பவுண்டு. 28 நாளில் வீட்டுக்கு வரும் என்று சொல்லி உடனே ஆர்டர் வாங்க ஆரம்பித்தார்கள். ஆனால் அன்றைக்கு முழுதாக வேலை செய்யும் மாதிரிகூட ஒன்று தயாராக இல்லை.

அண்ணி, 9.22
இல்லாத பொருளுக்கா பணம் வாங்கினார்கள்?

பெரிய அண்ணன், 9.31
ஆமாம். ஏப்ரலில்தான் ஒன்றிரண்டாக அனுப்பத் தொடங்கினார்கள். அதுவும் எப்படி? உள்ளே இருக்க வேண்டிய புரோகிராம் முழுவதும் பெட்டிக்குள் அடங்கவில்லை. மீதியை 16 கே.பி. சிப்பில் போட்டு, பின்பக்கம் துருத்திக்கொண்டு நிற்கும்படி செருகி அனுப்பினார்கள். பிழைகளும் நிறைய. அங்கே விளம்பரங்களைக் கண்காணிக்கும் அமைப்பு வரைக்கும் விஷயம் போனது. நல்ல மெஷின்தான், மோட்டோரோலா 68008 பிராசசர், 128 கே.பி. மெமரி. அந்தக் காலத்துக்கு அது பெரிது. ஆனால் முதல் நாலு மாதத்தில் போன நம்பிக்கை திரும்பவில்லை. 1986இல் கம்பெனியின் கம்ப்யூட்டர் வியாபாரத்தையே ஆம்ஸ்ட்ராட் 50 லட்சம் பவுண்டுக்கு வாங்கி, க்யூ.எல்.லை நிறுத்திவிட்டது.

சாமான் தாமதமாவது யாருக்கும் நடக்கும். தனக்கே தெரியாத தேதியைச் சொல்லி ஒரு குடும்பத்தின் சீட்டுப் பணத்தை வாங்கி வைத்துக்கொள்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சுமதி, 9.36
இப்போது நான் என்ன செய்யட்டும் அண்ணா?

பெரிய அண்ணன், 9.48
போனில் பேசாதே. ஒரு வெள்ளைத் தாளில் எழுது: பணம் கட்டிய தேதி, பில் நம்பர், அவர்கள் சொன்ன நாலு தேதி. எப்போது தருவீர்கள் என்று எழுத்தில் கொடுங்கள், இல்லை என்றால் பணத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று கேள். நகலில் கையெழுத்தும் சீலும் வாங்கு. மெசேஜ் எதையும் அழிக்காதே, எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து இங்கே போடு. மறுத்தால் 1915க்குப் போன் செய், அது தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையவில்லை என்றால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீ குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம், புதுச்சேரியை விட்டு எங்கும் அலைய வேண்டாம். 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது.

கதிர், 9.52
மாமா, பணம் திரும்பி வந்துவிட்டால் நான் எதில் புராஜெக்ட் செய்வது? 8 மார்க் அது.

பெரிய அண்ணன், 9.58
மாடியில் 2015இல் வாங்கிய டெஸ்க்டாப் இருக்கிறதே, 4 ஜி.பி. மெமரி. விண்டோஸ் 10க்கு அக்டோபர் 14ஓடு ஆதரவு நின்றுவிட்டது என்று மூடி வைத்தேன். பாலா, அதில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் போட்டால் பைத்தான் ஓடுமா?

பாலா, 10.02
தாராளமாக ஓடும். தகவல்களைச் சேமித்துத் தேடுவதற்கான மை எஸ்.க்யூ.எல்.லும் போட்டுவிடலாம், பன்னிரண்டாம் வகுப்புக்கு அதற்கு மேல் வேண்டாம். இன்னொன்று கதிர், லினக்ஸை 1991இல் எழுதிய லினஸ் டோர்வால்ட்ஸ் பின்லாந்தில் காலேஜ் சேர்வதற்கு முன்னால் வைத்திருந்தது உன் மாமா சொன்ன அதே க்யூ.எல். கம்ப்யூட்டர்தான். குறைகளோடு இருந்த அந்த மெஷினில் தனக்கு வேண்டியதைத் தானே எழுதிப் பழகினார்.

கதிர், 10.05
நிஜமாகவா?

கதிர், 10.21
பணத்தை வாங்கிவிடுங்கள் அம்மா.

சுமதி, மாலை 6.50
கடைக்குப் போய்விட்டு வந்தேன். கலாவும் வில்லியனூரிலிருந்து வந்து கூட நின்றாள். கடிதத்தைப் பார்த்ததும் கடைக்காரர் ஒரு நோட்டை எடுத்துக் காட்டினார். என்னைப் போல இன்னும் பத்துப் பேர் பெயர் இருக்கிறது. மொத்த வியாபாரியிடம் அவர் பணமும் மாட்டியிருக்கிறதாம். "எனக்கே தேதி தெரியாதும்மா" என்றார். இந்த வார்த்தையை அக்டோபரில் சொல்லியிருந்தால் நான் இத்தனை நாள் இப்படி வெந்திருக்க மாட்டேன், அவரிடமே சொல்லிவிட்டேன். தலை குனிந்து நின்றார். கையில் 10,000 கொடுத்தார். மீதி புதன்கிழமை தருவதாக எழுதிக் கையெழுத்துப் போட்டு சீலும் வைத்திருக்கிறார். தாளைப் படம் எடுத்துப் போடுகிறேன்.

கலா, 6.53
மற்ற பத்துப் பேருக்கும் இன்றே போன் செய்து உண்மையைச் சொல்லுங்கள் என்று நான் கேட்டேன். செய்கிறேன் என்றார். புதன்கிழமை போகும்போது அதையும் கேட்கலாம் அக்கா.

பெரிய அண்ணன், 7.05
நல்லது சுமதி. நாளைக் காலை ஏழு மணி பஸ்ஸில் கடலூரிலிருந்து கிளம்புகிறேன். அண்ணி சி.பி.யூ.வைப் பழைய போர்வையில் சுற்றிக் கட்டிவிட்டாள். மானிட்டரை மடியில் வைத்துக்கொண்டு வருகிறேன். கதிர், பஸ் ஸ்டாண்டுக்கு வந்துவிடு.

பாலா, 7.08
நாளை 11 மணிக்கு வீடியோ காலில் வருகிறேன், லினக்ஸ் சேர்ந்தே போடலாம். கதிர், 8 ஜி.பி. பென் டிரைவ் ஒன்று எடுத்து வை.

கதிர், 7.10
இருக்கிறது. பெரிய மாமா, அந்தக் கீபோர்டில் ஸ்பேஸ் பார் வேலை செய்கிறதா?

பெரிய அண்ணன், 7.19
போர்வையைப் பிரித்து, மாட்டி அழுத்திப் பார்த்துவிட்டேன். செய்கிறது.