பறக்கத் தயாராக உள்ள ஸ்டியர்மன் பைப்ளேன்: எதைப் பார்த்து வாங்குவது?

வயல்காற்று எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் அமெரிக்காவில் இல்லினாய்ஸ் மாநிலத்தில் வசிக்கிறேன். தனியார் விமானி உரிமம் பெற்றுப் பதினோரு ஆண்டுகள் ஆகின்றன. செஸ்னா 172-இல் ஏறத்தாழ 340 மணி நேரமும், வால்சக்கர அனுமதிக்காக (வாலடியில் சக்கரம் உள்ள விமானங்களை ஓட்டுவதற்கு) சிட்டாப்ரியா என்ற சிறு விமானத்தில் 28 மணி நேரமும் பறந்திருக்கிறேன். கேல்ஸ்பர்க் நகரில் 1972 முதல் நடந்துவரும் ஸ்டியர்மன் கூடுகைக்கு ஒருமுறை வேடிக்கை பார்க்கப் போனதிலிருந்து, அந்தப் பழைய இரட்டையடுக்கு இறக்கைப் பயிற்சி விமானத்தில் ஒன்றை வாங்க வேண்டும் என்ற ஆசை என்னை விடவில்லை.

இப்போது இரண்டு விமானங்கள் விலைக்கு வந்துள்ளன. இரண்டுமே இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் கட்டப்பட்ட போயிங் 75 வகை; ஸ்டியர்மன் என்று அழைப்பது இதைத்தான். இரண்டிலும் 220 குதிரைத்திறன் கொண்ட கான்டினென்டல் ஆர்-670 என்ஜின்தான். முதலாவது 1991-இல் புதுப்பிக்கப்பட்டது; வண்ணம் வெளிறி, முன்னிருக்கைத் தோல் கிழிந்திருக்கிறது, ஆனால் மாதந்தோறும் பறந்துவருகிறது. உரிமையாளர் 78,000 டாலர் கேட்கிறார். இரண்டாவது ஆறு ஆண்டுகளுக்கு முன்பு முழுமையாகப் புதுப்பிக்கப்பட்டது. நீல உடலும் மஞ்சள் இறக்கைகளுமாகப் பார்ப்பவர் கண்ணைப் பறிக்கிறது. அதன் பிறகு 31 மணி நேரம்தான் பறந்துள்ளது. விலை 1,35,000 டாலர். இரண்டு விளம்பரங்களிலும் ‘பறக்கத் தயார்’ என்றே போட்டிருக்கிறார்கள்.

என் மனம் இரண்டாவதன் பக்கம் சாய்கிறது. பணம் அதிகமானாலும் பிற்காலத்தில் தொல்லை இருக்காது என்று கணக்குப் போடுகிறேன். இந்தக் கணக்கு சரியா? வாங்குவதற்கு முன் எவற்றைச் சோதிக்க வேண்டும்?

கிரீஸ்கறை எழுதியது:

வணக்கம். விமானப் பராமரிப்பே என் தொழில். துணி போர்த்திய விமானங்களோடு இருபது ஆண்டுகளுக்கு மேல் பழகியிருக்கிறேன்.

முதலில் ‘பறக்கத் தயார்’ என்பதற்குப் பொருள் சொல்லிவிடுகிறேன். ஆண்டுச் சோதனை காலாவதியாகவில்லை, என்ஜின் ஓடுகிறது, காகிதங்கள் இருக்கின்றன, பெரும்பாலும் இவ்வளவுதான். அந்தச் சோதனையில் கையெழுத்திட்டவர் விற்பவருடைய மெக்கானிக்காக இருப்பார். அவர் நேர்மையானவராகவே இருக்கட்டும். ஆனால் அவர் துணியைப் பிரித்துப் பார்த்திருக்க மாட்டார். ஸ்டியர்மனின் உயிர் துணிக்கு அடியில் இருக்கிறது. இறக்கைகளின் நெடுக ஓடிச் சுமையைத் தாங்கும் ஸ்பார் சட்டங்கள் ஸ்ப்ரூஸ் மரம், உடல்கூடு பற்றவைத்த எஃகுக் குழாய். ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, இந்த விமானத்தை யார், எப்போது கடைசியாகத் துணி நீக்கிப் பார்த்தார்கள், அப்போது எடுத்த புகைப்படங்கள் எங்கே என்பதுதான்.

இரண்டாவது விமானத்தைப் பற்றி எனக்குள்ள ஐயம் அந்த 31 மணி நேரம். ஓடாமல் நிற்கும் என்ஜின், ஓடித் தேய்ந்த என்ஜினைவிட மோசமாகக் கெடும். சிலிண்டர் சுவர்களில் ஈரம் படிந்து துரு ஏறும். அந்தத் துரு பிஸ்டன் வளையங்களைத் தின்னும். சிலிண்டர் ஒவ்வொன்றிலும் அழுத்தச் சோதனை செய்வதோடு, தீப்பொறிப் பிளக்குகளைக் கழற்றிச் சிறு கேமராவை உள்ளே விட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் சல்லடையில் உலோகத் துகள் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். இதே என்ஜினின் உறவுக்கார வகைகள் போர்க்காலத்தில் ஸ்டூவர்ட் டாங்கிகளிலும் ஓடின. ஆகவே உதிரிப் பாகம் எதுவானாலும், அது விமானத்துக்கு ஏற்கப்பட்ட பாகம்தானா என்பதை எண்ணைப் பார்த்து உறுதிசெய்யுங்கள்.

முதலாவதில் கவலை வேறு. அதன் துணி பாலியஸ்டராக இருந்தால் முப்பது ஆண்டுக்கு மேலும் வலுவோடு இருக்க வாய்ப்புண்டு, ஆனால் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வெள்ளிப் பூச்சு சரியாக அடிக்கப்பட்டிருக்க வேண்டும். இருட்டிய பிறகு இறக்கைக்குள் ஒரு விளக்கை வைத்துப் பாருங்கள். துணி வழியே வெளிச்சம் கசிந்தால் அந்தப் பூச்சு போதவில்லை என்று பொருள். பழைய ‘கிரேடு ஏ’ பருத்தித் துணியாக இருந்தால் கதை வேறு: புதிதில் அங்குலத்துக்கு 80 பவுண்டு தாங்க வேண்டும், 56-க்குக் கீழே இறங்கிவிட்டால் அதைக் கொண்டு பறக்கக் கூடாது.

ஸ்பாரில் தேட வேண்டியது அழுத்த விரிசல். மர இழைக்குக் குறுக்கே தலைமுடி அளவில் ஓடும் கோடு அது. நேராக விளக்கடித்தால் கண்ணுக்குப் படாது. விளக்கை மரத்தோடு ஒட்டிச் சாய்த்துப் பிடித்தால்தான் நிழலாகத் தெரியும். இறக்கைத் தூண்கள் பொருந்தும் இடத்தில், வலுவூட்டும் ஒட்டுப்பலகை முடிகிற விளிம்பில் தேடுங்கள். எட்டிப் பார்க்க வழியில்லை என்றால், துணியில் ஒரு பிளாஸ்டிக் வளையத்தை ஒட்டி அதன் நடுவை வெட்டித் திறந்து, பிறகு மூடி போட்டுவிடலாம். இது வழக்கமான முறைதான், விமானத்துக்குச் சேதமில்லை.

எஃகுக் கூட்டில், வால்பக்கம் தாழ்ந்து நிற்பதால் தண்ணீர் இறங்கித் தங்கும் கீழ்க்குழாய்களே முதலில் துருப்பிடிக்கும், அதுவும் உள்ளிருந்து. வெளியே வண்ணம் பளபளவென்றுதான் இருக்கும். கூர்முனையால் அழுத்திப் பார்த்தால் உள்வாங்கும்.

இன்னொன்று. போர் முடிந்ததும் நூற்றுக்கணக்கான ஸ்டியர்மன்கள் வயலுக்கு மருந்தடிக்கப் போயின. முன்னிருக்கையை எடுத்துவிட்டு மருந்துத் தொட்டி வைத்து, பலவற்றில் 450 குதிரைத்திறன் என்ஜினையும் மாட்டி, புழுதியிலும் ரசாயனத்திலும் உழைத்த விமானங்கள் அவை. உங்கள் விமானத்துக்கு அந்தப் பூர்வீகம் இருப்பது குற்றமில்லை, அது மறைக்கப்பட்டிருப்பதுதான் குற்றம். ஓக்லஹோமா நகரிலுள்ள எஃப்.ஏ.ஏ. (அமெரிக்க அரசின் விமானத் துறை நிர்வாகம்) பதிவகத்தில் அந்த விமானத்தின் கோப்பு முழுவதையும் வாங்கிப் படியுங்கள். பெரிய பழுதுகளும் மாற்றங்களும் படிவம் 337-ஆக அதில் இருக்கும். அடமானக் கடன் ஏதும் நிலுவையில் உள்ளதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். லாக் புத்தகத்தில் ‘இடது கீழிறக்கை நுனி வளைவு மாற்றப்பட்டது’ என்று ஒரு வரி தென்பட்டால், அன்று அந்த விமானம் ஓடுபாதையில் சுழன்று இறக்கையைத் தரையில் ஊன்றியது என்று படித்துக்கொள்ளுங்கள்.

ஏழுசிலிண்டர் எழுதியது:

கிரீஸ்கறை ஐயா வாங்குவதைச் சொல்லிவிட்டார். நான் இரு நண்பர்களுடன் கூட்டாக ஒரு ஸ்டியர்மன் வைத்திருப்பவன் என்பதால், வாங்கிய மறுநாளைப் பற்றிச் சொல்கிறேன்.

உங்களிடம் வால்சக்கர அனுமதி இருக்கிறது. ஆனால் 200 குதிரைத்திறனைத் தாண்டிய என்ஜினுக்கு உயர்திறன் அனுமதி தனியே வேண்டும். 220 என்பது அந்த எல்லையை இருபதால் தாண்டிவிடுகிறது. செஸ்னா 172 ஓட்டியவர்கள் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். காப்பீட்டு நிறுவனம் இத்தனை மணி நேரம் ஆசிரியருடன் இதே வகை விமானத்தில் பறந்திருக்க வேண்டும் என்று கேட்கும். விலை பேசுவதற்கு முன்பே அதை விசாரித்துவிடுங்கள்.

காலையில் ஹேங்கருக்குப் போனதும் சாவியைத் தேடக் கூடாது. இந்த என்ஜினில் சிலிண்டர்கள் வட்டமாக அமைந்திருப்பதால், இரவில் ஆயில் கசிந்து கீழ்ச் சிலிண்டர்களில் இறங்கியிருக்கும். பிளக்குகளுக்கு மின்சாரம் தரும் மேக்னெட்டோ அணைந்திருப்பதை உறுதிசெய்துவிட்டு, புரொப்பெல்லரைக் கையால் மெதுவாக, குறைந்தது எட்டு இறகு எண்ணும்வரை சுற்ற வேண்டும். நடுவில் சுவரில் முட்டியதுபோல் நின்றால் பலம் காட்டக் கூடாது; பின்னோக்கியும் சுற்றக் கூடாது, ஆயில் உறிஞ்சுகுழாய்க்குள் போய்ப் பதுங்கிக்கொண்டு, என்ஜின் ஓடத் தொடங்கியதும் திரும்பி வந்து பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். கீழ்ப் பிளக்குகளைக் கழற்றி ஆயிலை வடிப்பது ஒன்றே வழி. விற்பவர் உங்களுக்கு என்ஜினை ஓட்டிக் காட்டும்போது இதைச் செய்கிறாரா என்று பாருங்கள். செய்யாமல் நேரே ஸ்டார்ட்டரை அழுத்துபவரிடம் நான் விமானம் வாங்க மாட்டேன்.

மற்றவை சுருக்கமாக: மணிக்கு 12 முதல் 13 கேலன் பெட்ரோல் குடிக்கும், தொட்டியின் கொள்ளளவு 46 கேலன். இறக்கை நுனியிலிருந்து மறுநுனிவரை 32 அடிக்குச் சற்று மேல், ஹேங்கர் கதவை அளந்துகொள்ளுங்கள். தரையில் ஓடும்போது முன்னால் எதுவும் தெரியாது, பாம்புபோல் வளைந்து வளைந்துதான் போக வேண்டும். தனியாகப் பறந்தால் பின்னிருக்கையில்தான் உட்கார வேண்டும்.

கென்ட்புல்வெளி எழுதியது:

இங்கிலாந்திலிருந்து எழுதுகிறேன், எங்கள் சங்கத்தில் இருப்பது டி ஹாவிலண்ட் டைகர் மாத், அதுவும் ஸ்டியர்மன்போல் பழைய இரட்டையடுக்கு இறக்கைப் பயிற்சி விமானம்தான். பிரேக் கிடையாது, வாலில் சக்கரமும் கிடையாது, ஒரு சறுக்குக் கட்டைதான். அதனால் புல்தரைதான் எங்களுக்கு வீடு. ஸ்டியர்மன் கேட்பவரிடம் இதைச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. 2013 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து கடற்கரைக்கு அருகே ஒரு டைகர் மாத் வானிலேயே இறக்கை முறிந்து கடலில் விழுந்து இருவர் இறந்தனர். உடல்கூட்டின் குறுக்கே ஓடும் இழுகம்பிகள் அதில் உடைந்திருந்தன; மரைப் பகுதியில் முன்பே சோர்வு விரிசல் ஓடியிருந்தது. அவை விமானத்தோடு பிறந்த கம்பிகள் அல்ல, பிற்காலத்தில் தயாரித்து மாற்றப்பட்டவை. ஆகவே ‘எல்லாம் புதிதாக மாற்றியாகிவிட்டது’ என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், யார் செய்த பாகம், எந்த ஒப்புதலின் கீழ் செய்தது என்று கேளுங்கள். புதியது என்பதற்காகவே அது நல்லதாகிவிடாது.

வயல்காற்று எழுதியது:

அனைவருக்கும் நன்றி. சென்ற வாரயிறுதியில், விற்பவர்கள் இருவருக்கும் தொடர்பில்லாத ஒரு மெக்கானிக்கைக் கூலி பேசி அழைத்துக்கொண்டு இரண்டு விமானங்களையும் பார்த்துவந்தேன்.

நீல மஞ்சள் விமானத்தின் கோப்பில் 1950-களில் மருந்துத் தொட்டி பொருத்திய படிவம் இருக்கிறது, பின்னர் அதை நீக்கிய படிவமும் இருக்கிறது. ஆனால் ஆறு ஆண்டுகளுக்கு முந்தைய புதுப்பிப்பில் ஸ்பார் ஒட்டுப் போட்டதாக விற்பவர் வாயால் சொன்னாரே தவிர, அதற்கான படிவமும் இல்லை, துணி போர்த்துவதற்கு முன் எடுத்த புகைப்படமும் இல்லை. வளையம் ஒட்டித் திறந்து பார்க்கலாமா என்று கேட்டதற்கு, பரிசு வாங்கிய துணியில் ஓட்டையா என்று முகம் சுளித்தார். பிளக்கைக் கழற்றவும் இசையவில்லை.

வெளிறிய விமானத்தின் உரிமையாளர் எழுபத்தெட்டு வயது முதியவர். நாங்கள் போனபோது புரொப்பெல்லரைப் பிடித்துச் சுற்றி, உதட்டுக்குள் எண்ணிக்கொண்டிருந்தார். 1991-இல் எடுத்த படங்கள் ஒரு பிஸ்கட் டப்பா நிறைய இருந்தன. ஒவ்வொரு ஸ்பாரும் தெரிகிறது. துணி பாலியஸ்டர், விளக்குச் சோதனையில் வெளிச்சம் கசியவில்லை. ஆனால் வால் அருகே இடது கீழ்க்குழாயில் ஓரிடத்தில் கூர்முனை உள்வாங்கியது. முதியவர் குனிந்து தானும் ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, சற்று நேரம் எதுவும் பேசவில்லை. பிறகு விலையில் 7,000 டாலரைக் குறைத்துக்கொள்ளச் சம்மதித்தார்.

ஐயா, அந்தக் குழாயை மட்டும் வெட்டி மாற்ற, வால்பகுதித் துணியை எதுவரை பிரிக்க வேண்டியிருக்கும்?

கிரீஸ்கறை எழுதியது:

குறைந்தது பின்னிருக்கைக்குப் பின்னாலிருந்து வால்வரை, அடிப்பக்கமும் இடப்பக்கமும் பிரிக்க வேண்டும். பிரித்த கையோடு வலப்பக்கக் குழாயையும் பாருங்கள். தண்ணீர் ஒரு பக்கம் மட்டும் தங்குவதில்லை. பழுது முடிந்ததும் படிவம் 337 எழுதாமல் யாரையும் கிளம்ப விடாதீர்கள். துணியை மூடுவதற்கு முன் படம் எடுத்து அதே பிஸ்கட் டப்பாவில் போட்டுவையுங்கள்.