அமெரிக்க அரசாங்க ஷட்டவுன் நேரத்தில் வீட்டை எப்படி ஓட்டினீர்கள்? உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்

கிரீன்பெல்ட், மேரிலாந்து

யார் பக்கம் நியாயம், எந்தக் கட்சி முதலில் இறங்கி வந்திருக்க வேண்டும் என்பதை இந்த இழையில் பேச வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். அதற்கு வேறு இடங்கள் இருக்கின்றன. பட்ஜெட் நிறைவேறாததால் 2025 அக்டோபர் 1 முதல் நவம்பர் 12 வரை 43 நாள் அமெரிக்க அரசாங்கம் முடங்கியது. லட்சக்கணக்கான ஊழியர்களை வீட்டில் உட்கார வைத்தார்கள். இன்னும் லட்சக்கணக்கானவர்கள் சம்பளம் இல்லாமலே வேலைக்குப் போனார்கள். அது முடிந்தபோதும் பல துறைகளுக்கு 2026 ஜனவரி 30 வரைதான் பணம் ஒதுக்கினார்கள். இன்னொரு முறை வருவதற்குள் நாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள வேண்டியது வீட்டுக் கணக்கு: சம்பளம் நின்றபோது எதை முதலில் கட்டினீர்கள், எதைத் தள்ளிப்போட்டீர்கள், யாரிடம் கேட்டீர்கள்.

நானே ஆரம்பிக்கிறேன். நானும் என் வீட்டுக்காரரும் மத்திய அரசு ஊழியர்கள், வேறு வேறு துறை. 2018 டிசம்பர் 22-இல் தொடங்கிய 35 நாள் ஷட்டவுனில் என் துறை மூடியது, அவருடையது மூடவில்லை. அந்த வருடம் சில துறைகளின் பட்ஜெட்டை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் முன்கூட்டியே நிறைவேற்றியிருந்தது. ஒரு சம்பளம் வந்துகொண்டிருந்ததால் சமாளித்துவிட்டோம். இந்த முறை எந்தத் துறைக்கும் பட்ஜெட் நிறைவேறவில்லை. இரண்டு சம்பளமும் ஒரே நாளில் நின்றன. "ரெண்டு பேர் சம்பாதிக்கிறீங்க, உங்களுக்கென்ன" என்று சொந்தபந்தம் சொல்லிக் கேட்டுப் பழகியவர்கள் நாங்கள். ஒரே கஜானாவிலிருந்து வரும் இரண்டு சம்பளம், நெருக்கடி என்று வந்தால் ஒரே சம்பளம்தான்.

அக்டோபரின் முதல் சம்பளம் குறைந்து வந்தது, செப்டம்பரில் வேலை பார்த்த நாட்களுக்கு மட்டும். அடுத்த சம்பளச் சீட்டைத் திறந்தேன். பெயர், கிரேடு, வேலையில் சேர்ந்த தேதி எல்லாம் வழக்கம்போல இருந்தன. கையில் கிடைக்கும் தொகை என்ற கட்டத்தில் 0.00.

இங்கே மத்திய அரசுச் சம்பளம் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, வருடத்துக்கு 26. செலவோ மாதக் கணக்கில் வருகிறது. அதனால் வருடத்தில் இரண்டு மாதங்களில் மூன்று சம்பளம் விழும். 2019-க்குப் பிறகு அந்த மூன்றாவது சம்பளத்தைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொண்டோம். அது நேராகத் தனிக் கணக்குக்குப் போகும். அந்தக் கணக்குக்கு டெபிட் கார்டுகூட வாங்கவில்லை. இந்த முறை எங்களை நிறுத்தி வைத்தது அதுதான். முதலில் வீட்டுக் கடன், அடுத்தது குழந்தையின் டேகேர். நாங்கள் இரண்டு பேரும் வீட்டில் இருந்துகொண்டே டேகேருக்குப் பணம் கட்டினோம். நிறுத்தினால் இடம் போய்விடும், பிறகு காத்திருப்போர் பட்டியலில்தான் நிற்க வேண்டும். மருத்துவக் காப்பீடு மட்டும் அறுபடவில்லை; நம் பங்குப் பிரீமியத்தைச் சம்பளம் திரும்பி வரும்போது சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள்.

மனசை அதிகம் அரித்தது இன்னொன்று. நின்ற சம்பளத்தைப் பின்னால் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2019 ஜனவரியில் சட்டம் வந்தது. அந்த நம்பிக்கையில்தான் எல்லோரும் இருந்தோம். அக்டோபர் முதல் வாரத்தில், வீட்டில் உட்கார வைக்கப்பட்டவர்களுக்கு அது தானாகக் கிடைக்காது என்று வெள்ளை மாளிகை பட்ஜெட் அலுவலகத்தின் வரைவுக் குறிப்பு ஒன்று வெளியே வந்தது. வரப்போகும் பணத்தை நம்பிக் கடன் வாங்கலாமா என்ற கேள்வி அன்றைக்கு மாறிவிட்டது. கடைசியில் நவம்பர் 12-ஆம் தேதிச் சட்டத்தில் கொடுப்பதாகத் தெளிவாக எழுதிவிட்டார்கள். ஆனால் நடுவில் போன அந்த வாரங்களில் எத்தனை வீடுகள் தூக்கம் கெட்டுத் தப்பான முடிவுகளை எடுத்திருக்கும்!

நகை பற்றி ஒரு வார்த்தை. ஊரில் வளையலை எடுத்துக்கொண்டு காலையில் போனால் மத்தியானம் பணத்தோடு திரும்பலாம். இங்கே நாம் போகிற சாதாரண வங்கிகளில் நகைக்கடன் என்பது கிடையாது. அடகுக்கடை உண்டு, வட்டி கிரெடிட் கார்டையே தாண்டும். லாக்கரில் தங்கம், ஊரில் மனை, ஓய்வூதியக் கணக்கில் தொகை என்று எல்லாம் இருந்தும், வெள்ளிக்கிழமை மளிகைக்குக் கையில் காசு இல்லாத நிலை வரலாம். சேமிப்பு என்று நாம் சொல்வதில் எவ்வளவு நாளைக்கே எடுக்க முடியும் என்று ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஹெர்ண்டன், வர்ஜீனியா

கிரீன்பெல்ட் அக்காவுக்குப் பின்சம்பளம் வந்தது. தனியார் கம்பெனி வழியாக அரசு வேலை பார்க்கும் எங்களைப் போன்ற கான்ட்ராக்டர்களுக்கு அது இல்லை. 2019-ஆம் வருடச் சட்டமும் எங்களைச் சேர்க்கவில்லை, இப்போதும் சேர்க்கவில்லை. அதே கட்டடம், அதே மேசை, பக்கத்து நாற்காலிக்காரருக்கு நின்ற பணம் திரும்புகிறது, எனக்குப் போனது போனதுதான். இது அநியாயம் என்று நான் அழுத்திச் சொல்வேன்.

வேலையை நிறுத்தச் சொல்லி ஆர்டர் வந்த அன்றே, சேர்ந்திருக்கும் லீவை எடுத்துக்கொள் என்று கம்பெனி சொன்னது. பொங்கலுக்கு ஊருக்குப் போக வருடம் முழுக்கச் சேர்த்த லீவு. அது தீர்ந்ததும் சம்பளமில்லா விடுப்பு. என்னிடம் கிரீன் கார்டு இருப்பதால் விசா பயம் இல்லை. ஆனால் செக்யூரிட்டி கிளியரன்ஸ் (ரகசியத் தகவல்களைக் கையாள அரசு கொடுக்கும் அனுமதி) தேவைப்படும் வேலைகளில் இருக்கும் நண்பர்களுக்கு வேறு கவலை: கடன் பாக்கி விழுந்தால் கிளியரன்ஸ் மறுபரிசீலனையில் அதையும் பார்ப்பார்கள். பணம் இல்லாமல் போவதே ஒரு தொல்லை, அது ஏட்டில் ஏறினால் அடுத்த தொல்லை.

எச்-1பி வேலை விசாவில் இருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். வேலை இல்லை என்று காரணம் காட்டி உங்கள் சம்பளத்தைக் கம்பெனி நிறுத்த முடியாது, சட்டம் அப்படி. என் நண்பர் ஒருவரையும் சம்பளமில்லா விடுப்பில் போகச் சொன்னார்கள். அவர் சத்தம் போடவில்லை. "எச்-1பி விதிப்படி இது எப்படிச் சரி என்று எழுத்தில் கொடுங்கள்" என்று ஒரு மெயில் போட்டார். மறுநாளே பேச்சு மாறியது, சம்பளம் வந்தது. வேலையே போய்விட்டால் வேறு இடம் தேட அதிகபட்சம் 60 நாள்தான் என்பதையும் மறக்க வேண்டாம். இந்த முறை அதிலும் சிக்கல். புது இடத்துக்கு மாற எல்சிஏ (புதுக் கம்பெனி வாங்க வேண்டிய தொழிலாளர் துறைச் சான்று) வேண்டும். அதைக் கொடுக்கும் தொழிலாளர் துறை அலுவலகம் அக்டோபர் முழுக்க மூடிக் கிடந்து, அந்த மாதக் கடைசி நாளில்தான் திறந்தது.

பால்டிமோர்

என் கணவர் விமான நிலையத்தில் பயணிகளின் பைகளைச் சோதிக்கும் வேலையில் இருக்கிறார். அவர்களுக்கு வீட்டில் இருக்கவும் வழியில்லை. சம்பளம் இல்லாமல் யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு விடியற்காலை ஷிஃப்டுக்குப் போக வேண்டும். வேலை செய்துகொண்டிருப்பதால் வேலையிழப்பு உதவித்தொகைக்கும் வழியில்லை. 2023 ஜூலையில் இவர்கள் சம்பளத்தை நன்றாகவே கூட்டினார்கள். அதற்கு முன்பே வாடகை எங்கேயோ போயிருந்தது. மாதம் முடியும்போது எங்களிடம் மிஞ்சுவது ஒரு டயர் மாற்றுகிற காசு. 2019-இல் ஜனவரி 11-ஆம் தேதிச் சம்பளம் வராதபோதே பட்டோம். அதற்குப் பிறகு சேர்த்ததைப் பிரசவச் செலவு கொண்டுபோனது.

உணவு வங்கிக்காரர்கள் ஒரு மளிகைக்கடை பார்க்கிங்கில் இலவசமாக உணவுப் பை கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் திரும்பினார். என் கணவரின் சூப்பர்வைசர். கிறிஸ்துமஸ் விருந்தில் பார்த்திருக்கிறேன், நல்ல மனுஷி. இரண்டு பேருக்கும் ஒரு கணம் பேச்சு வரவில்லை. அப்புறம் அவர்தான், "உன் குழந்தை நடக்கிறதா இப்போது?" என்று கேட்டார். பை வாங்கும் வரை குழந்தைகளைப் பற்றியே பேசினோம். பையில் கேரட், வெங்காயம், உருளைக்கிழங்கு, அரிசி, டின்னில் அடைத்த கொண்டைக்கடலை. அவருக்குக் கொண்டைக்கடலை பிடிக்காது என்று தன் டின்னையும் எனக்கே கொடுத்துவிட்டுப் போனார். வாங்கப் போவதற்கு வெட்கப்படும் தங்கைகள் யாராவது இதைப் படித்தால், போங்கள். அங்கே நிற்பவர்கள் எல்லோரும் நம்மைப் போலத்தான்.

வாஷிங்டன் டிசி, லான்ஃபான்ட் பிளாசா பக்கம்

எனக்கு அரசாங்க வேலை கிடையாது. அரசாங்க வேலையில் இருப்பவர்களுக்கு மத்தியானச் சாப்பாடு போடுகிறவன். ஃபுட் டிரக். தோசை, ஊத்தப்பம், லெமன் ரைஸ், திங்கள் முதல் வெள்ளி வரை. அக்டோபர் எங்களுக்கு நல்ல மாதம். வெயில் தணிந்திருக்கும், மக்கள் வெளியே வந்து நின்று சாப்பிடுவார்கள். ஷட்டவுன் வந்ததும் தெருவே காலி.

எங்கள் தொழிலில் முடிவெடுக்க வேண்டியது முந்தின நாள் சாயங்காலம், எவ்வளவு அரைப்பது என்று. பாதி அரைத்தேன். அதிலும் மாவு மிஞ்சியது. மூன்றாம் நாளுக்கு அது புளித்து ஊத்தப்பத்துக்குத்தான் ஆகும், அப்புறம் அதற்கும் ஆகாது. டிரக் தவணை, பார்க்கிங், கமிசரி கிச்சன் (டிரக்காரர்கள் சமைக்க எடுக்கும் பொதுச் சமையலறை) வாடகை எதுவும் குறையவில்லை. அரசாங்கம் உத்தரவாதம் தருகிற சிறுதொழில் கடனுக்குப் போகலாம் என்றால், ஷட்டவுனில் அந்தப் புதுக் கடன்களுக்கு அனுமதி கொடுப்பதும் நின்றுவிடுகிறது.

சம்பளமில்லாமல் வேலைக்கு வந்துகொண்டிருந்த பழைய வாடிக்கையாளர்கள் சிலர் டிரக்கைப் பார்த்துக்கொண்டே கடந்து போனார்கள். கூப்பிட்டேன். "சாப்பிடுங்க, கணக்கு எழுதிக்கிறேன்" என்றேன். நம்மூர் டீக்கடை நோட்டுதான். சம்பளம் வந்த வாரமே எல்லோரும் கொடுத்துவிட்டார்கள். ஒருவர் மட்டும் வரவில்லை. விசாரித்தால், விருப்ப ஓய்வில் போய்விட்டாராம். நல்லா இருக்கட்டும். 2019 ஜனவரியில் செஃப் ஹோசே ஆந்த்ரேஸ் பென்சில்வேனியா அவென்யூவில் அரசு ஊழியர்களுக்கு இலவசச் சமையற்கூடமே நடத்தினார். அதைப் பார்த்த ஊர் இது. எனக்குப் போன வியாபாரம் திரும்ப வராது; ஆனால் அந்த நோட்டு எழுதியதில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை.

ராக்வில்

நான் சொல்வது சின்ன விஷயம். மாதாமாதம் தஞ்சாவூரில் அப்பா அம்மாவுக்குப் பணம் அனுப்புகிறேன். அதை நிறுத்த வேண்டி வந்தது. எப்படிச் சொல்வது என்று பல நாள் தள்ளிப்போட்டேன். அமெரிக்க அரசாங்கத்தில் சம்பளம் வரவில்லை என்றால் ஊரில் யார் நம்புவார்கள்?

அப்பா நம்பினார். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். 2003 ஜூலை வேலைநிறுத்தத்தில் தமிழக அரசு டெஸ்மா என்ற அத்தியாவசியப் பணிகள் சட்டத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஒரே வீச்சில் வேலையை விட்டு எடுத்தபோது அவரும் அதில் ஒருவர். பிறகு திரும்ப எடுத்துக்கொண்டார்கள். "ஒண்ணாந்தேதி சம்பளம் இல்லாத வீடு எனக்குத் தெரியும்டா" என்றார். "அப்போ கூட்டுறவுச் சங்கத்துல கடன் இருந்துது, பால்காரருக்கு பாக்கி. உங்க அம்மா முதல்ல பால்காரர்கிட்டதான் போய்ச் சொன்னா, கேக்கறதுக்கு முன்னாடியே. நீயும் கடன் கொடுத்தவன்கிட்ட முன்னாடியே பேசிடு."

அன்றைக்கே கார் கடன் கம்பெனிக்கு போன் செய்தேன். இரண்டு தவணையைக் கடைசிக்குத் தள்ளிவைத்தார்கள். தவணைத் தேதி தாண்டிய பிறகு பேசிய என் நண்பருக்கு அதே கம்பெனியில் தாமதக் கட்டணம் போட்டார்கள்.

கிரீன்பெல்ட், மேரிலாந்து

ராக்வில் தம்பியின் அப்பா சொன்னது முழுக்கச் சரி. தனிச்செய்தியில் பலர் கேட்டதற்கு இங்கேயே பதில்.

வீட்டுக் கடன் ஒன்றாம் தேதி என்றாலும் பெரும்பாலும் 15 நாள் அவகாசம் உண்டு. அதற்குப் பிறகுதான் தாமதக் கட்டணம். கிரெடிட் ரிப்போர்ட்டில் (நம் கடன் வரலாற்று அறிக்கை) ஏறுவது 30 நாள் தாண்டினால். கையில் இருக்கும் காசு எந்தத் தேதி வரை தாங்கும் என்று பார்க்க இந்த இரண்டும் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் பத்திரத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் உட்கார வைக்கப்பட்டவர்கள் வேலையிழப்பு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். பின்சம்பளம் வந்ததும் அதைத் திருப்பிக் கட்ட வேண்டும். வாங்கியதைச் செலவழித்துவிட்டு மறந்துபோனால் மாநிலத்திலிருந்து கடிதம் வரும்.

நேவி ஃபெடரல் போன்ற சில கிரெடிட் யூனியன்கள் (கூட்டுறவு வங்கி மாதிரி) வட்டியில்லாக் கடன் கொடுத்தன. ஆனால் சம்பளம் ஏற்கனவே அங்கே நேரடியாக வரவு ஆகிக்கொண்டிருக்க வேண்டும். ஷட்டவுன் தொடங்கிய பிறகு போய்க் கணக்குத் திறந்தால் பயனில்லை. இதை அடுத்த ஷட்டவுனுக்கு முன்பே செய்துவைக்கலாம்.

மத்திய அரசு ஊழியர்களின் டிஎஸ்பி (TSP) ஓய்வூதியச் சேமிப்புக் கணக்கிலிருந்து கஷ்டகாலப் பணம் எடுப்பது வேண்டாம். ஐம்பத்தொன்பதரை வயதுக்கு முன் எடுத்தால் வருமான வரியோடு பொதுவாக 10 சதவீத அபராதமும் சேரும், எடுத்ததைத் திரும்ப வைக்கவும் முடியாது. வேறு வழியே இல்லை என்றால் அதே கணக்கிலிருந்து கடனாக எடுப்பது மேல். வட்டி நம் கணக்குக்கே திரும்புகிறது.

பால்டிமோர் தங்கைக்கு: குழந்தைக்கு டபிள்யூஐசி-யில் (தாய்க்கும் சிறு குழந்தைக்கும் அரசு தரும் உணவு உதவி) பதிவு செய்திருக்கிறாயா? வருமான வரம்புக்குள் வருகிறீர்களா என்று கேட்டுப் பார். ஃபார்மில் எந்த இடம் புரியவில்லையோ எனக்கு அனுப்பு, சனிக்கிழமை போனில் சேர்ந்து நிரப்பிவிடலாம்.