மாங்கனீஸ்-ஸிங்க் ஃபெரைட்டில் ஹெமடைட் வருகிறது, எங்கே தப்பு?

தாம்பரம்_பிசிக்ஸ்:
எம்.எஸ்சி. ப்ராஜெக்டுக்கு மாங்கனீஸ்-ஸிங்க் ஃபெரைட் (காந்தத் தன்மையுள்ள செராமிக்) வளையம் செய்கிறேன். இரும்பு ஆக்சைடு, மாங்கனீஸ் கார்பனேட், ஸிங்க் ஆக்சைடு மூன்றையும் அகேட் உரலில் ஐந்து மணி நேரம் அரைத்து, 900 டிகிரியில் சுட்டு, திரும்ப அரைத்து, பிவிஏ (பவுடரைப் பிடித்துவைக்கும் பசை) கலந்து வளையமாக அழுத்தி, 1250 டிகிரியில் 4 மணி நேரம் வைத்தேன். அப்புறம் ஃபர்னஸை அணைத்துவிட்டுக் கடைசி ட்ரெயினைப் பிடிக்க ஓடி, மறுநாள் காலையில்தான் வெளியே எடுத்தேன். எக்ஸ்ஆர்டியில் (எக்ஸ்-ரே விட்டுப் படிக அமைப்பைப் பார்க்கும் சோதனை) 33 டிகிரி பக்கத்தில் ஒரு பீக், ஹெமடைட்டாம், அதாவது தனியாக நிற்கும் இரும்பு ஆக்சைடு. காந்தத்திலும் சோம்பலாகத்தான் ஒட்டுகிறது. கைடு 'இன்னும் அரை' என்கிறார். கை ஏற்கெனவே வீங்கியிருக்கிறது.

அம்பத்தூர்_சூளை:
உரலை விடுங்கள் தம்பி. தப்பு, நீங்கள் ட்ரெயினுக்கு ஓடிய பிறகு நடந்திருக்கிறது. 1250-இல் ஸ்பினல் (ஃபெரைட்டுக்கு வேண்டிய படிக அமைப்பு) சரியாகவே உருவாகியிருக்கும். காற்றில் மெதுவாக ஆறும்போது இரண்டு ப்ளஸ்ஸில் இருக்க வேண்டிய மாங்கனீஸ் ஆக்சிஜனை வாங்கி மூன்று ப்ளஸ் ஆகிவிடும், ஸ்பினல் உடைந்து ஹெமடைட் பிரிந்து வரும். தொழிற்சாலைகளில் ஆக்சிஜனைக் குறைத்து, நைட்ரஜனில் ஆறவிடுவது இதற்காகத்தான். சூடாகவே வெளியே எடுத்துச் சட்டென்று ஆறவைக்கலாம், பவுடருக்குப் பரவாயில்லை, வளையம் விரிசல் விட்டுவிடும்.

தாம்பரம்_பிசிக்ஸ்:
எங்கள் லேபில் நைட்ரஜன் விடுகிற மாதிரி ட்யூப் ஃபர்னஸ் கிடையாது அண்ணா. மூன்று வாரம்தான் இருக்கிறது.

உப்புக்காற்று:
அப்படியென்றால் நிக்கல்-ஸிங்க் ஃபெரைட்டுக்கு மாறிவிடுங்கள், அது சாதாரணக் காற்றிலேயே சுடலாம். நைட்ரேட் உப்புகளோடு சிட்ரிக் ஆசிட் கலந்து ஜெல்லாக்கி எரித்தால் அரைக்கிற வேலையும் பெரும்பாலும் மிச்சம் (பெரிய பீக்கர், ஃப்யூம் ஹுட் கட்டாயம், பழுப்புப் புகை வரும்). ஒன்று மட்டும், நம்ம ஊர் ஈரத்தில் ஃபெரிக் நைட்ரேட் பாட்டிலைத் திறந்து வைத்தால் கஞ்சியாகிவிடும், தண்ணீரையும் சேர்த்து எடை போட்டுவிட்டு இரும்பு குறைகிறதே என்று நான் ஒரு மாதம் தேடியிருக்கிறேன். ஸிங்க் சூட்டில் ஆவியாகும் என்பதால் சின்டரிங்கில் (வளையத்தைக் கெட்டியாக்கும் கடைசிச் சூட்டில்) அதை அதே பவுடரில் புதைத்து வையுங்கள்.

தாம்பரம்_பிசிக்ஸ்:
தலைப்பை மாற்றினால் கைடு திட்டுவார். பயன்பாடு ஒன்றுதானே என்று சொல்லிச் சமாளிக்கலாமா?

அம்பத்தூர்_சூளை:
அப்படிச் சொன்னால் வைவாவில் மாட்டுவீர்கள். மாங்கனீஸ்-ஸிங்க்குக்கு பெர்மியபிலிட்டி (காந்தப்புலத்தை உள்ளே ஏற்கும் திறன்) அதிகம், மின்தடை குறைவு, அதனால் சார்ஜர் ட்ரான்ஸ்ஃபார்மர் மாதிரி கிலோஹெர்ட்ஸ் வேலைக்கு. நிக்கல்-ஸிங்க்கின் தடை பல ஆயிரம் மடங்கு கூடுதல், எட்டி கரன்ட் (கோருக்குள்ளேயே சுழன்று வீணாகும் மின்னோட்டம்) அடங்கிவிடும், மெகாஹெர்ட்ஸ் அதனுடைய பேட்டை. கேபிளில் குண்டாக ஒரு உருளை இருக்குமே, பெரும்பாலும் அதுதான். நம்பிக்கை இல்லையென்றால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பெயின்ட் பூசாத கோர் இரண்டு வகையிலும் வாங்கி மல்டிமீட்டர் முனையை வைத்துப் பாருங்கள். ஒன்று கிலோ ஓமில் ஏதாவது காட்டும், இன்னொன்று அசையவே அசையாது. அதையே கைடு மேசையில் செய்து காட்டுங்கள்.